கொடுவா மீனும் தங்கள் நான்காம் பக்கமும்

மதிப்பிற்குரிய ‘துறைமுகச் சேதி’ ஆசிரியர் ஐயா அவர்களுக்கு,

கல்மண்டபம் அருள்பிரகாசம், ரயில்வேயில் ஓய்வு பெற்றவன், மரியாதையுடன் எழுதுவது. தாங்களும் தங்கள் குடும்பமும் தங்கள் அச்சு இயந்திரமும் சுகமாக இருக்க அந்தோணியாரை வேண்டிக்கொள்கிறேன். நான் சுகமாக இல்லை. காரணம், நான்காம் பக்கத்தில் தாங்கள் போடும் ‘அப்படியா!’ என்ற அறிவுத் துணுக்குப் பகுதி.

ஓய்வுக்குப் பிறகு, என் மனைவி சிலுவையம்மாளின் மீன்கடையில் ஈ விரட்டும் பொறுப்பை ஏற்றிருக்கிறேன். கைதானே வேலை செய்கிறது, வாய் சும்மாதானே இருக்கிறது என்று, தங்கள் பகுதியில் படித்ததை வாடிக்கையாளர்களுக்கு எடுத்துச் சொல்லிவந்தேன். இறாலுக்கு இதயம் தலைப்பக்கம் இருக்கிறது என்றேன். தலையைக் கிள்ளிப் பார்த்துக்கொண்டிருந்த அம்மாள் கண்கலங்கி வாழைக்காய் வாங்கப் போய்விட்டார். கடம்பாவுக்கு, அதாவது கணவாய்க்கு, மூன்று இதயம் என்றேன். அவர் கூட வந்தவரும் போய்விட்டார். கோவிலில் சூசையப்பர் சுரூபத்துக்கு அங்கி தீட்டிக்கொண்டிருந்த பெயிண்டரிடம், அந்தக் காலத்து ஓவியர்கள் எகிப்து மம்மியை அரைத்துப் பழுப்பு வண்ணம் செய்தார்கள் என்று சொன்னதில், கை கழுவப் போன மனிதர் திரும்பவே இல்லை. சூசையப்பர் பாதி அங்கியோடு நிற்கிறார், பங்குச் சாமியார் என்னைக் கண்டாலே பெருமூச்சு விடுகிறார். மிளகாய் நம் நாட்டுக்கு வந்து ஐந்நூறு வருஷம்தான் ஆகிறது என்று வீட்டில் சொன்னேன். "அப்போ அதுக்கு மின்னாடி துன்ன கொழம்பையே உனுக்கு வெக்கிறேன்" என்று சிலுவையம்மாள் அன்றைக்கே மிளகாய் இல்லாமல் வைத்தாள். இதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை நடந்ததுதான் பொறுக்க முடியாதது. வண்ணாரப்பேட்டை சாபிரா எங்கள் கடையின் நெடுநாள் வாடிக்கை. அவர் வாங்கினால் அவர் தெருவே வாங்கும். மகள் லுப்னாவுக்குக் கல்யாணம் முடிந்து, ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளைக்கு விருந்து. மாப்பிள்ளையின் தாயார் ரசூல் பீவியையும் கூட்டிவந்து, இருப்பதிலேயே பெரிய கொடுவாவைக் காட்டி, "மாப்ளைக்கு இத்த குடுக்கா" என்றார். நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். "கொடுவா பொறக்கசொல்லோ ஆம்பள. பெருசாவ பெருசாவ பொம்பளயா மாறிடும். இது மாறி முடிச்சிது" என்று, தாங்கள் போன வாரம் எழுதியதைத்தான் சொன்னேன்.

ரசூல் பீவி நெஞ்சில் கை வைத்தார். "கல்யாணமாயி ஒரு வாரங்கூட ஆவல. இத்த போட்டு எம்புள்ளய இன்னாவா ஆக்கப் பாக்குறீங்க?"

"ஐய, எனுக்கு இன்னா தெரியும் சம்பந்தி? மீனாண்ட போயி கேட்டனா?" என்று சாபிரா பதற, வந்தது ஒரே ஆட்டோவில் என்றாலும் ஆளுக்கொரு ஆட்டோவில் போனார்கள்.

சிலுவையம்மாள் கத்தியைக் கீழே வைத்தாள். அது கையில் இருந்தபோதுகூட நான் அவ்வளவு பயந்ததில்லை. "யோவ், ஒரு சம்பந்தத்தயே கவுத்துட்டு நிக்கிற. சாபிரா திரும்பி வர்ற வரிக்கும் கடையாண்டயும் வராத, வூட்டாண்டயும் வராத."

ஆகவே இதை ராயபுரம் ரயில் நிலையத்து பெஞ்சில் இருந்து எழுதுகிறேன். இது 1856-இல் திறந்த நிலையம் என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னேன். அவர் வேறு பெஞ்சுக்குப் போய்விட்டார். ஐயா, அவள் திட்டாமல் பொழுது போவது எனக்கு நிஜமாகவே கஷ்டமாக இருக்கிறது. அந்தப் பகுதியை உடனே நிறுத்துங்கள். முடியாவிட்டால், கொடுவா கடைசிவரை ஆண்தான் என்று ஒரு மறுப்பாவது போடுங்கள்.

ஆண்டவர் தங்களுக்கும் வாசகர்களுக்கும் அறிவைக் கொஞ்சம் குறைத்து, ஆயுளை அதிகமாகக் கொடுப்பாராக.

இப்படிக்கு,
அருள்பிரகாசம்

பி.கு.: மறுப்பு வேண்டாம். சிலுவையம்மாளே என்னைத் தேடி வந்து வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டாள். சாபிரா திரும்பி வந்து அதே மாதிரிப் பெரிய கொடுவாவைக் கேட்டாராம். "நாலு நாளா பாக்குறேன்கா, துன்ன தட்ட நவுத்தி வெக்க மாட்றாரு மாப்ள. கொஞ்சம் மாறுனா நல்லதுதான்" என்றாராம். பின்னாலேயே ரசூல் பீவி வந்து, தன் வீட்டுக்காரருக்கு ரெண்டு துண்டு வாங்கிப் போனாராம். இப்போது தெருவே வந்து பெரிய கொடுவாவாகக் கேட்கிறது. சிலுவையம்மாள் எனக்கும் நடுத்துண்டாக எடுத்து வறுத்து வைத்துவிட்டு, துடைப்பத்தை என் கைக்கு எட்டுகிற மாதிரி சாத்திவிட்டு, நான் சாப்பிட்டு முடிப்பதற்காகக் காத்து எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறாள். சாப்பிட்டால் மாறுமா, மாறாதா என்பதை மட்டும் அவசரமாகத் தெரிவிக்கவும்.