நிமிடத்துக்கு எத்தனை சொட்டு?

"பதினேழு... பதினெட்டு..."

"சிஸ்டர், இந்த பாட்டில் எப்ப முடியும்?"

"நாலு மணி நேரம் ஆகும்மா" என்றாள் புது நர்ஸ். அடுத்த சொட்டுக்கு அவள் வாயில் "அஞ்சு" என்றுதான் வந்தது.

கணக்கு என்னவோ அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. அரை லிட்டர் மருந்து நாலு மணி நேரத்தில் இறங்க வேண்டும். இந்தக் குழாயில் பதினைந்து சொட்டு ஒரு மில்லி. ஆக, நிமிடத்துக்கு முப்பத்தொரு சொட்டு. குழாயின் சக்கரத்தை உருட்டி வைத்தும் ஆயிற்று. விழுவது முப்பத்தொன்றுதானா என்று ஒரு நிமிடம் எண்ணிப் பார்ப்பதற்குள்தான் உயிர் போயிற்று.

கட்டிலில் கிடந்தவர் தலையில் அடிபட்டதிலிருந்து கண் திறக்கவில்லை. காது கேட்கும், பக்கத்தில் பேசிக்கொண்டே இருங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். மனைவி அதைச் சிக்கெனப் பிடித்துக்கொண்டாள்.

"வாயத் திறந்தா குத்தம்தான் சொல்வாரு சிஸ்டர். உப்பு ஜாஸ்தி, விளக்க அணைக்கல, கதவ சாத்தல... இப்ப ஒரே ஒரு குத்தம் சொல்லிட மாட்டாரான்னு இருக்கு."

நர்ஸுக்கும் கண் கலங்கியது. கலங்கிய கண்ணுக்கு ஒவ்வொரு சொட்டும் இரண்டாகத் தெரிந்தது.

வேலை கொடுத்தால் பேச்சு நிற்கும் என்று கைக்கடிகாரத்தைக் கழற்றி அவளிடம் நீட்டினாள். "ஒரு நிமிஷம் ஆனதும் சொல்லுங்கம்மா."

"பத்து செகண்ட் ஆச்சு சிஸ்டர்! இருபது ஆச்சு!"

"ஒன்பது, பத்து, இருபத்தொண்ணு... ஐயோ, அம்மா!"

வாசலில் நின்றிருந்த மனைவியின் தம்பிக்குப் பொறுக்கவில்லை. "தள்ளுக்கா, நான் எண்றேன். உன் கண்ணாடியே வீட்ல இருக்கு."

"எனக்கு எண்ணத் தெரியாதாடா?"

சரி, மூன்று பேரும் மனதுக்குள் எண்ணிப் பார்த்துவிடலாம் என்று நர்ஸ் சமாதானம் செய்தாள். கடிகாரம் அவள் கைக்கே திரும்பியது. நிமிடம் முடிந்தது.

"முப்பத்தாறு!" என்றாள் மனைவி.

"இருபத்தெட்டு" என்றான் தம்பி.

"எனக்கு முப்பத்து மூணு வந்துதே..." என்று நர்ஸ் முனகினாள்.

"கண்ணாடி இல்லாம எண்ணினா அப்படித்தான்க்கா."

"நீ நடுவுல கொட்டாவி விட்டேடா! மிச்ச எட்டு சொட்டும் உன் வாய்க்குள்ள போச்சு!"

வார்டே திரும்பிப் பார்த்தது. எதற்கும் கொஞ்சம் குறைத்து வைப்போம் என்று நர்ஸ் சக்கரத்தை நோக்கிக் கையை நீட்டினாள்.

அப்போது கட்டிலிலிருந்து ஒரு வறண்ட குரல் வந்தது. அவர் கண் திறந்து பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மூணு பேரும் தப்பு. முப்பத்தொண்ணு."