பெஜவாடாவில் நின்ற விமானம்

ரயில்வேக்காரனுக்கு ஒரு வியாதி உண்டு. எந்த ஊருக்குப் போவதானாலும் தண்டவாளத்தின் மேல்தான் போக முடியும் என்று நம்புவான். இருபத்து நான்கு வயதில் எனக்கு அது முற்றியிருந்தது.

நிஜாம் காலத்தின் கடைசி வருஷங்கள். லாலாகுடா ரயில்வே குடியிருப்பில் இருந்தோம். சிக்கந்தராபாத்தில் ரயில் நேர அட்டவணை போடும் குமாஸ்தா நான். (உதவிக் குமாஸ்தா. அதைப் பெண் வீட்டாரிடம் சொல்லவில்லை.) மெட்ராஸ் பெண்ணொருத்தியின் போட்டோவைப் பார்த்து, இவள் கிடைக்காவிட்டால் சாமியார்தான் என்று முடிவு செய்திருந்தேன். பையனை நேரில் பார்த்துத்தான் சம்மதம் சொல்வேன் என்றார் அவள் அப்பா. காலை ஏழு மணி விமானத்தில் கிளம்புவதாகத் தந்தி வந்தது.

"எத்தனை மணிக்கு வந்து சேரும்? பேகம்பேட்டை விமான நிலையத்துக்குப் போய்க் கேட்டுட்டு வாயேன்டா" என்றார் அப்பா.

"கேக்கறதா? நானே கணக்குப் போட்டுடறேன்!"

போட்டேன். பெஜவாடா, காஜிப்பேட் ஜங்ஷன்கள் வழியாக ஏறத்தாழ ஐந்நூறு மைல். விமானம் மணிக்கு நூற்றறுபது மைல். பெஜவாடாவில் இன்ஜினுக்குத் தண்ணீர் பிடிக்க இருபது நிமிஷம். ஆக, பத்தரை.

மாலையும் கையுமாக ஜட்காவில் போகும்போது தலைக்கு மேல் ஒரு விமானம் இரைந்தது. "சாப், ஜஹாஜ் ஆகயா!" என்று துள்ளினார் வண்டிக்காரர்.

"நக்கோ பாய், அது வேற. நம்மளது இன்னும் பெஜவாடாவில நிக்குது."

விமான நிலையத்தில் ஒரு பெரியவர் டிரங்குப் பெட்டி மேல் உட்கார்ந்து வியர்த்துக்கொண்டிருந்தார். பாவம், நேரம் தெரியாமல் வந்துவிட்டார் போலும். எனக்கு இரக்கம் பொங்கியது.

"ஐயா மெட்ராஸ் விமானமா?"

"ஆமா தம்பி."

"இன்னும் முக்கால் மணி ஆகும்" என்று கணக்குக் காகிதத்தை நீட்டினேன்.

அவர் கண்ணாடியை மாட்டி வரிவரியாகப் படித்தார். "இப்ப எங்கே இருக்கும் தம்பி?"

"காஜிப்பேட் நெருங்கியிருக்கும். வர்றது என் வருங்கால மாமனார்."

"அப்படியா? அவர் வந்து முக்கால் மணி ஆச்சு, மாப்பிள்ளை. ஆகாசத்துல பெஜவாடா ஜங்ஷன் கிடையாது. ரெண்டு மணி நேரத்துல நேரா கொண்டுவந்து இறக்கிட்டான்."

போட்டோவிலிருந்த முகம் கைவிட்டுப் போவதாகவே தோன்றியது. அழுகை வந்தது. அவரோ மாலையை என் கையிலிருந்து வாங்கித் தானே போட்டுக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து, காபியைக் குடித்துவிட்டு அப்பாவிடம் சொன்னார்: "பையன் தண்டவாளத்தை விட்டு அந்தண்டை இந்தண்டை போகமாட்டான். பொண்ணைக் கொடுக்கலாம்."

கொடுத்தார். கூடவே அந்தக் கதையையும் மகளிடம் சொல்லி அனுப்பிவிட்டார். இன்றைக்கும் கடைக்குக் கிளம்பி, "அஞ்சு நிமிஷத்துல வந்துடறேன்" என்றால் போதும். தமிழ் சரியாக வராத பேரன்கூட அந்த ஒரு வரியை மட்டும் சுத்தமாகக் கேட்கிறான்:

"நேராவா தாத்தா, பெஜவாடா வழியாவா?"