ஃப்ளாக்கோவும் நீச்சல் குளத்து மாவும்

கோபப்பட்டு நான் சாதித்தது இதுவரை ஒன்றுமில்லை. கைக்கு வந்த தோசைக்கல் பறிபோனதுதான் மிச்சம்.

எட்டாவதோடு படிப்பை விட்டேன். மலேசியா, துபாய் என்று சமையல்கட்டுகளில் கிடந்து, டெக்சாஸில் கேட்டி என்ற ஊருக்கு வந்து சேர்ந்தேன். நம்ம ஊர் ஓட்டல். எட்டு மாதம் பாத்திரம் தேய்த்தேன். அதில் வருத்தமில்லை. ரமீரோ என்ற மெக்சிகோக்காரன் தோசைக்கல்லில் நின்றானே, அதுதான் எரிந்தது. (அவன் தோசை என்னுடையதைவிட நன்றாக இருக்கும். அது இன்னும் எரிந்தது.)

போதாக்குறைக்கு என்னை "ஃப்ளாக்கோ" என்பான். ஸ்பானிஷில் ஒல்லி. முருகேசன் என்ற பெயர் ஒருநாளும் அவன் வாயில் வந்ததில்லை. எலும்பன், ஒட்டடைக்குச்சி என்று கேட்டுக் கேட்டு ஊரைவிட்டே ஓடிவந்தவன் நான். இங்கேயுமா?

அவனோ பீப்பாய். சமையல்கட்டே அவனைக் "கோர்தோ" என்று கூப்பிடும். குண்டன். அவன் பல்லைக் காட்டுவான். உள்ளுக்குள் அழுகிறான் என்று நானாக முடிவுசெய்து, நான் மட்டும் "மிஸ்டர் ரமீரோ" என்பேன்.

ஒரு சனிக்கிழமை, ஒரு வீட்டில் சீமந்தம். அங்கேயே தோசை சுட்டுத் தரவேண்டும். முதலாளி சேகர் அண்ணன் சொன்னார்: "முருகேசா, இன்னிக்கு கல்லு உன்னுது. நல்லா போட்டா இனிமே உனக்குத்தான். சொதப்புனே, திரும்ப சிங்க்குதான்."

வீட்டின் பின்புறம் நீச்சல் குளம். அதன் ஓரத்தில் கல், பக்கத்தில் மாவு வாளி. பத்து தோசை பிரமாதமாகப் போனது. அப்போது உள்ளேயிருந்து ரமீரோ கத்தினான்: "ஃப்ளாக்கோ! சட்னி வேணுமா?"

வரிசையில் நின்ற ஒரு சிறுமி துள்ளினாள். "அப்பா, இட் மீன்ஸ் ஸ்கின்னி!" (பள்ளிக்கூடத்தில் ஸ்பானிஷ் படிக்கிறதாம்.) வரிசையே சிரித்தது. ஒரு ஆன்ட்டி தன் தட்டை என்னிடம் நீட்டினார். "ஐயோ பாவம், நீங்க முதல்ல சாப்பிடுங்க தம்பி."

எட்டு மாதக் கோபம் காலில் இறங்கியது. "போடா கோர்தோ!" என்று அலறி வாளியை உதைத்தேன். அது நேராகக் குளத்தில் விழுந்தது. நீலத் தண்ணீரில் வெள்ளை மெல்லப் பரவியதை, இன்னும் சாப்பிடாத நாற்பது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ரமீரோ ஓடிவந்தான். அடிக்கத்தான் வருகிறான் என்று கரண்டியை ஓங்கினேன். அவன் என்னைக் கட்டிப்பிடித்தான். கண்ணில் நீர்.

"எய்ட் மன்த்ஸ் மிஸ்டர், மிஸ்டர்! யூ ஹேட் மீன்னு நெனச்சேன். மை அம்மா கால்ஸ் மீ கோர்தோ!"

அவர்கள் ஊரில் பிடித்தவனைத்தான் அப்படிக் கூப்பிடுவார்களாம். எட்டு மாதமாக அவனை அவமானப்படுத்தியது என் மரியாதைதான்.

சேகர் அண்ணன் உருகவில்லை. "சிங்க்குக்குப் போ. அதுக்கு முன்னாடி குளத்த கழுவு."

கல் இன்றும் ரமீரோவிடம்தான். எனக்கு இன்றும் கோபம்தான். ஆனால் வருஷங்கள் ஓடி, இப்போது நான் தொண்ணூற்றெட்டு கிலோ. எடையைக் குறைக்கச் சொல்லி டாக்டர் திட்டிய அன்று அவன் வீட்டுக்கு வந்து, என் தொப்பையில் தட்டி, "ஃப்ளாக்கோ, சாப்ட்டியா?" என்றான். பல்லைக் கடித்தேன்.

என் மனைவி விழுந்து விழுந்து சிரித்தாள். "ஏங்க, இந்த ஊர்லயே உங்கள ஒல்லின்னு சொல்ற ஒரே மனுஷன். அவரையும் பகைச்சுக்காதீங்க."