ஒரு விரல் இடம்

"ஒரு விரல்னா ஒரு விரல்தானே! அளந்துதான்ப்பா விட்டேன்!" என்று நூலகர் போனில் கத்தினார்.

எதிர்முனையில் அவருடைய நண்பர் பெயின்டர். வருஷா வருஷம் நாற்பது பாட்டில் பழம் பதப்படுத்தி அடுக்குகிறவர்.

"பழத்துக்கும் மூடிக்கும் நடுவுல ஒரு விரல் இடம் விடச் சொன்னேன். எப்படி அளந்தே?"

"விரலை நெட்டுக்குத்தா நிறுத்தி."

"படுக்க வச்சு அளக்கணும்ப்பா! அகலம்! நீளமில்ல!"

நூலகர் மேசையைப் பார்த்தார். ஆறு பாட்டிலும் பாதி காலியாக நின்றன.

நாலு நாளைக்கு முன் வாய் சும்மா இருக்காமல், "பிளம்ஸ் மரத்தை வெட்டிடலாமா? பழம் பூரா தரையில அழுகித்தானே போகுது" என்று கேட்டுத் தொலைத்திருந்தார். மரம் மனைவி வைத்தது. அன்றோடு பேச்சு நின்றது. "சாப்பாடு மேசையில இருக்கு" என்று சுவரிடம் சொல்லிவிட்டு வேலைக்குப் போகிறாள். சுவருக்குள்ள மரியாதைகூடத் தனக்கில்லையே என்று அவருக்கு நிஜமாகவே வலித்தது. இன்று அவள் வருவதற்குள் பழத்தைப் பாட்டிலில் அடைத்துக் காட்டி, எப்படியாவது பேச வைத்துவிட வேண்டும்.

ஆறைக் கொட்டி மூன்றாக்கினார். மூடி போட்டு, பானைத் தண்ணீரில் மறுபடி கொதிக்க வைத்து எடுத்தார்.

"சூடு ஆறும்போது மூடி உள்ளே இழுத்துக்கிட்டு 'டொக்'குனு சொல்லும். சொன்னா ஜெயிச்சே" என்றிருந்தார் பெயின்டர்.

காதை வைத்துக் கேட்டார். சத்தமில்லை. பொறுமையிழந்து மூடியை அழுத்தினார். டொக்!

"சொல்லுதுப்பா! எத்தனை தடவை அழுத்தினாலும் சொல்லுது!" என்று மறுபடி போனில் கூவினார்.

"அடப்பாவி! அழுத்தினா சொல்லக் கூடாது. தானா ஒரே ஒரு தடவை சொல்லிட்டு, அப்புறம் நீ தலைகீழா நின்னாலும் வாயைத் திறக்கக் கூடாது."

"அந்த மாதிரி ஒண்ணு ஏற்கெனவே வீட்டுல இருக்கேப்பா!"

"புது மூடி போட்டு மறுபடி கொதிக்க வை. மூடிக்கு மேல வர்ற வளையத்தை விரல் நுனியால இறுக்கினா போதும்."

விரல் நுனியை நம்ப நூலகர் தயாராயில்லை. துணியைச் சுற்றி, பாட்டிலை முழங்காலுக்கு நடுவில் இடுக்கி, பல்லைக் கடித்துக்கொண்டு திருகினார். பானைக்குள் இரண்டு மூடிகள் கோணிக்கொள்ள, பழச்சாறு கசிந்து தண்ணீர் முழுக்கச் சிவப்பானது. அவற்றை இறுக்கியே கை ஓய்ந்துபோனதால் மூன்றாவதை ஏனோதானோவென்றுதான் மூடியிருந்தார். அது ஒன்றுதான் பிழைத்தது. துண்டின் மேல் வைத்த சற்று நேரத்தில், யாரும் தொடாமலே, அது "டொக்" என்றது. நூலகருக்குக் கண் கலங்கிவிட்டது.

சாயங்காலம் பெயின்டர் வேடிக்கை பார்க்க வந்தார். பின்னாலேயே நூலகரின் மனைவியும், அவளோடு வேலை செய்யும் பெயின்டரின் மனைவியும் ஒர்க்‌ஷாப் உடுப்போடு வந்து நின்றார்கள்.

மனைவி சிவந்த பானையைப் பார்த்தாள். சாறு சிந்திக் கிடந்த தரையைப் பார்த்தாள். ஒற்றைப் பாட்டிலைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

மூடியைத் திருகினாள். அசையவில்லை. துணியைப் பிடித்துத் திருகினாள். உஸ்ஸென்று மூச்சு வாங்கினாள். கடைசியில் அவர் பக்கம் திரும்பினாள்.

"இதைக் கொஞ்சம் திறந்து குடுங்களேன்."

நாலு நாளில் முதல் பேச்சு! நூலகர் பாய்ந்து வாங்கினார். வளையம் லேசாகத் திருகியதும் கழன்றது. மூடியை நெம்பியதும் சட்டென்று எழும்பியது.

"பார்த்தியா! பழக்கப்பட்ட கை வேணும்" என்று நெஞ்சை நிமிர்த்தினார்.

"ஆமாங்க, என்னால முடியல" என்றாள் மனைவி, பழத்தை வாயில் போட்டபடி. "மரம் இருக்கட்டும். அடுத்த வருஷம் சேர்ந்தே போடலாம்."

பெயின்டரின் மனைவி திகைத்துப்போய்க் கேட்டாள்:

"ஏக்கா, மத்தியானம் நாலு ஆம்பளைங்க தொங்கியும் அசையாத லாரி சக்கரத்து நட்டை ஒத்தக் கையால கழட்டினது நீங்கதானே?"