அத்தையின் சிதாரில் நான் சரிசெய்த கோளாறு

மிரஜ்,
திங்கட்கிழமை

கோலாப்பூர் குமுத் அத்தைக்கு, மந்தார் செய்யும் சாஷ்டாங்க நமஸ்காரம். இங்கே எல்லோரும் நலம், உங்கள் சிதாரைத் தவிர. அங்கே உங்கள் முழங்காலும் மாமாவின் சர்க்கரையும் கட்டுக்குள் இருக்கும் என்று நம்புகிறேன்.

சுற்றி வளைத்துப் பேச எனக்கு வராது. தசராவன்று பூஜையில் வைக்கும்முன் ஒரு சின்ன மெட்டாவது வாசித்துக் காட்டினால் சிதார் எனக்கு, இல்லாவிட்டால் உங்கள் மகள் கேதகிக்கு என்று சொல்லித்தானே கொடுத்தீர்கள். வெள்ளிக்கிழமை பஸ்ஸில் அனுப்பிவிடுகிறேன், கேதகியே வைத்துக்கொள்ளட்டும். காரணம் கீழே.

ஐந்து மாதமாக வகுப்புக்குப் போகிறேன். சொல்லித்தரும் மானசிக்கு வயது இருபத்திரண்டு, என்னைவிட ஏழு வயது சின்னவள், ஆனால் அதட்டலில் எங்கள் சர்க்கரை ஆலை மேனேஜரையே தூக்கிச் சாப்பிடுவாள். முதல் இரண்டு மாதம் ஸா மட்டும்தான். அதற்குள் நான் ஆலையில் ஒரு பாய்லரையே பிரித்துப் பூட்டியிருப்பேன். விரல் நுனியில் கம்பி வாய்க்கால் வெட்டிவிட்டது, காட்டினால் "வலிக்குதாண்ணா? அப்ப சரியாத்தான் அழுத்துறீங்க" என்கிறாள். இதில் வீட்டில் சாதகம் செய்ய உட்கார்ந்தால் பக்கத்து வீட்டுக் கானிட்கர் மாமி சுவரைத் தட்டி, "மந்தார், மிக்ஸியில எதையோ போட்டு மறந்துட்டியாப்பா?" என்று கேட்கிறார். அப்போதுதான் நானும் காது கொடுத்துக் கேட்டேன். ஒவ்வொரு கம்பியிலும் ஈ மாட்டிக்கொண்ட மாதிரி ஒரு ஙொய். ஆலையில் பேரிங் அப்படிக் கத்தினால் மாற்றிவிட்டுத்தான் மறுவேலை. லென்ஸ் வைத்துப் பார்த்தேன். கம்பிகளைத் தாங்கும் குதிரையின் மேல்பரப்பில் கம்பி உரசிக்கொண்டே போகிறது. நாற்பது வருடமாக யாரும் கவனிக்காத கோளாறு என்று நினைத்து, அரத்தை எடுத்து, ஓரத்தில் மட்டும் கம்பி தொடும்படி மீதியைச் சரித்து ராவிவிட்டேன். இரைச்சல் சுத்தமாக நின்றது.

மறுநாள் பெருமையோடு வகுப்புக்கு எடுத்துப் போனேன். மானசி ஒரே ஒரு தடவை மீட்டிவிட்டு என்னைப் பார்த்தாள்.

"என்னண்ணா பண்ணீங்க?"

"ரிப்பேர் பண்ணேன். இரைச்சல் இருந்துச்சு."

"கரும்புல இனிப்பு இருக்குன்னு அதையும் எடுத்துடுவீங்களா? அந்த இரைச்சல்தாண்ணா சிதார். மீதியெல்லாம் வெறும் சுரைக்குடுக்கை."

அன்றே சிதார் செய்யும் தெருவுக்கு, யாசீனிடம் ஓடினேன். என் வயதுக்காரன், வாய் நிறைய பான். குதிரையைத் திருப்பிப் பார்த்து, "யாரு ராவினது?" என்றான். ஒப்புக்கொண்டேன். "கை சுத்தமா இருக்கு. வேலைதான் தப்பு." நீங்கள் நாற்பது வருடம் வாசித்த குதிரை இனி உதவாதாம், இத்துடன் பொட்டலத்தில் வைத்திருக்கிறேன், மன்னியுங்கள். ஒட்டக எலும்பில் புதிது வைத்தான். மூன்று சாயங்காலம் அவன் ராவ, நான் மீட்ட, அவன் ராவ, நான் மீட்ட. "எத்தனை மில்லிமீட்டர் எடுக்கணும்?" என்று கேட்டால், "அதை நீங்க கேட்டுட்டுச் சொல்லுங்க" என்கிறான். மூன்றாம் நாள் அவன் அரத்தை வைக்கப் போகையில் "போதும், நிறுத்து" என்று என் வாயில் வந்துவிட்டது. ஒரு தடவை மீட்டினான், இன்னொரு தடவை மீட்டினான், அரத்தைக் கீழே வைத்துவிட்டு வெளியே துப்பப் போனான்.

ஆனாலும் சிதாரைக் கெடுத்தவனிடம் சிதார் இருக்கக் கூடாது, நியாயம் நியாயம்தான். தசராவுக்கு நீங்கள் முழங்காலோடு வீணாக அலைய வேண்டாம். மாமாவுக்கு என் நமஸ்காரம், கேதகிக்கு ஆசிகள். விரலுக்குப் பூசும் எண்ணெயின் பெயரை அவளுக்குத் தனியாக எழுதுகிறேன்.

உங்கள் ஆசிக்குத் தகுதியில்லாத,
மந்தார்

பி.கு.: கட்டி அனுப்புவதற்காகக் கம்பிகளைத் தளர்த்தும் முன், கடைசியாக ஒரு தடவை ஸாவை மீட்டிக் கம்பியைப் பக்கவாட்டில் இழுத்தேன். மூன்று மாதமாக ரி-க்குப் போகும் வழியிலேயே செத்துப்போன சத்தம் இன்றைக்குப் போய்ச் சேர்ந்தது. சேர்ந்த பிறகும் ஙொய்யென்று ஒலித்துக்கொண்டே இருந்தது. நம்பாமல் திரும்ப இழுத்தேன். கானிட்கர் மாமி சுவரைத் தட்டினார். கையை எடுத்துவிட்டேன். "மந்தார், ரேடியோவை ஏம்ப்பா நிறுத்திட்ட?" என்று கேட்டார். சிதார் பஸ் ஏறாது. தசராவுக்கு அவசியம் வாருங்கள், கேதகியிடம் ஒன்றும் சொல்ல வேண்டாம். நாலு ஸ்வரம் தேறும், ஐந்தாவதைக் கேட்காதீர்கள்.