நனையாத சப்பாத்து

ஓடுவது என்று முடிவு செய்தேன். உடம்பைக் குறைக்க இல்லை. பதக்கம் வாங்கவும் இல்லை. பேட்ரிக் வீட்டுக்குப் போகாமல் இருக்க.

பேட்ரிக் என் மனைவி இசபெல்லின் தம்பி. பத்தாங் காலியில் புது வீடு வாங்கியிருந்தான். தங்கமான பையன். ஒரே ஒரு குறை, எதை வாங்கினாலும் அதன் வரலாற்றைச் சொல்லாமல் விடமாட்டான். போன வருஷம் ஒரு குளிர்பெட்டி வாங்கினான். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு அவன் விளக்கி முடிப்பதற்குள் உள்ளே இருந்த ஐஸ்கிரீம் பாயசமாகிவிட்டது. குளிர்பெட்டிக்கே அப்படி என்றால், மாடி வைத்த வீட்டுக்கு? ஒவ்வொரு டைல்ஸுக்கும் ஒரு கதை இருக்கும். வீட்டில் எத்தனை டைல்ஸ் இருக்கும் என்று யோசித்தேன். முழங்கால் வலித்தது.

ஃபாதர் வந்து வீடு மந்திரிப்பது ஞாயிற்றுக்கிழமை காலை. கடவுள் என்னைக் கைவிடவில்லை. அதே ஞாயிறு காலை, கோலா சிலாங்கூரை ஒட்டிய செம்பனைத் தோட்டத்தில் ஓட்டப் போட்டி என்று நூருல் அமீன் கடைச் சுவரில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தது. நூருல் அமீன் என் கூட்டாளி. தோட்டத்துப் பாதை பெரிய சாலையைத் தொடுகிற முனையில் சாப்பாட்டுக்கடை வைத்திருக்கிறார். நின்ற இடத்திலேயே பேர் கொடுத்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்தபோது இசபெல் நெத்திலிக்குத் தலை கிள்ளிக்கொண்டிருந்தாள்.

"இசபெல், நான் ஓடப்போறேன்."

"யாரோட?"

"ஓட்டப் போட்டிலா! அடுத்த மாசம், கடைசி ஞாயிறு."

"அன்னிக்குத்தான் தம்பி வீடு மந்திரிக்கிறாங்க."

"அடடா!" என்றேன். அந்த அடடாவைக் குளியலறையில் நன்றாகப் பழகி வைத்திருந்தேன். "பேர் கொடுத்துட்டேனே!"

"மழைக்காலம்ங்க. தோட்டம் பூரா சகதியா கிடக்கும். கால் நனைஞ்சா உங்களுக்கு ரெண்டு நாளு தும்மல் நிக்காது. பேசாம பத்தாங் காலிக்கு வந்துடுங்க."

இதைத்தான் எதிர்பார்த்திருந்தேன். "கால் நனையாது. வாட்டர் புரூஃப் சப்பாத்து இருக்கு. காட்டுப் பாதையில ஓடறதுக்குன்னே செஞ்சது."

அவள் இன்னொரு நெத்திலியின் தலையைக் கிள்ளினாள். "அப்ப அத வாங்கிடுவோம்."

கதவை மோதித் திறக்க ஓடி வந்தவன், கதவு திறந்தே கிடந்தால் உள்ளே போய்க் குப்புற விழுவான் அல்லவா? அப்படி இருந்தது எனக்கு.

அடுத்த சனிக்கிழமை கடைக்குப் போனோம். மத்தியானம் தூங்கி எழுந்ததும் போகலாம் என்றேன். சாயந்தரம்தான் கால் கொஞ்சம் வீங்கியிருக்கும், அப்போதுதான் அளவு சரியாகத் தெரியும் என்று இசபெல் சொல்லிவிட்டாள். தடித்த காலுறை ஒரு ஜோடியையும் கைப்பையில் எடுத்து வைத்துக்கொண்டாள். இதெல்லாம் இவளுக்கு எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

கடையில் இருந்த இளைஞன் பெயர் பவனேஷ். நான் உட்காருவதற்கு முன்பே சொன்னேன்: "வாட்டர் புரூஃப் ஒண்ணு குடு தம்பி."

"எங்க ஓடப்போறீங்க அங்கிள்?"

"செம்பனைத் தோட்டத்துல."

"வாட்டர் புரூஃப்னா உள்ள ஒரு மெல்லிசான சவ்வு மாதிரி இருக்கும் அங்கிள். ஈரப் புல்லு, லேசான மழை, சின்னக் குட்டை, இதுக்கெல்லாம் ஓகே. கணுக்காலுக்கு மேல தண்ணி இருந்தா மேல் வழியா உள்ள வந்துடும்."

"வந்தா?" என்றாள் இசபெல்.

"வந்தா, வெளிய போவாது ஆன்ட்டி. சவ்வு ரெண்டு பக்கமும் விடாது."

"அந்த வலைத்துணி வச்சது?"

"அது உடனே நனையும். ஆனா ஓட ஓட வடிஞ்சிடும்."

இசபெல் என்னைப் பார்த்தாள். "அதையே எடுங்க. நனைஞ்சா என்ன, காலு கரைஞ்சா போயிடும்?"

என் சங்கடம் அவர்களுக்கு எப்படிப் புரியும்? நான் வாங்க வந்தது சப்பாத்தை அல்ல, ஒரு வார்த்தையை. 'வாட்டர் புரூஃப்' என்ற அந்த ஒரு வார்த்தை இருந்தால்தான் மழையைக் காட்டி என்னைப் பத்தாங் காலிக்கு இழுக்க முடியாது. மற்றபடி நான் ஓடப்போவதே இல்லை. திட்டம் எளிமையானது. எல்லாரோடும் கிளம்ப வேண்டியது. பாதை சாலையைத் தொடும் முனையில் ஒதுங்கி, நூருல் அமீன் கடைக்குள் நுழைய வேண்டியது. தே தாரிக் குடித்துக்கொண்டே பேப்பர் படித்துவிட்டு, மெதுவாக முடிவுக் கோட்டுக்குப் போக வேண்டியது.

"வாட்டர் புரூஃப்தான்," என்றேன்.

"சரி, உங்க காலு," என்றாள். ஆனால் விடவில்லை. காலுறையை மாட்டச் சொன்னாள். விரலுக்கு முன்னால் கட்டைவிரல் அகலம் இடம் இருக்கிறதா என்று அமுக்கிப் பார்த்தாள். அடிப்பாகத்தைத் திருப்பி, "சகதியில பிடிக்கணும், பல்லு ஆழமா இருக்கணும். இது என்ன, பல்லு கொட்டின கிழவன் மாதிரி?" என்று தூக்கிப் போட்டாள். கடையைச் சுற்றி ஓடிக் காட்டச் சொன்னாள். ஓடினேன். இறக்கத்தில் விரல் இடிக்கிறதா என்று பார்க்க, பவனேஷ் ஒரு சாய்வுப் பலகையைக் கொண்டுவந்து போட்டான். அதிலும் இறங்கினேன். ஒரு பொய்க்காக இவ்வளவு வியர்வை சிந்தியவன் இந்தச் சிலாங்கூரில் வேறு யாரும் இருக்க முடியாது.

மறுநாள் விடியற்காலை போர்வை என்மேல் இல்லை.

"எழுந்திரிங்க. ஓட வேணாம்?"

"போட்டி அடுத்த மாசம்லா!"

"சப்பாத்து காலுக்குப் பழகணும்ல?"

அன்றிலிருந்து தினமும் புக்கிட் மெலாவத்தி மேட்டில் ஏறி இறங்கினேன். அவள் குடையைப் பிடித்துக்கொண்டு பின்னால் நடந்து வருவாள். நான் நின்றால் குடை முதுகில் குத்தும். மரத்தில் இருக்கும் குரங்குகள் முதல் வாரம் என்னைப் பார்த்துக் கத்தின. இரண்டாவது வாரம் பேசாமல் பார்த்தன. அதற்கப்புறம் பாவம் என்று விட்டுவிட்டன.

போட்டிக்கு முந்தின நாள் முழுவதும் மழை கொட்டியது. ஞாயிறு காலையும் தூறிக்கொண்டிருந்தது. இசபெல் என்னைத் திடலில் இறக்கிவிட்டு, "நல்லா ஓடுங்க, நான் கிளம்பறேன்," என்றாள். பத்தாங் காலிக்குத்தான் என்று நினைத்துக்கொண்டேன். கார் மறையும் வரை கையசைத்தேன். மனசு மழையில் நனைந்த வாழையிலை மாதிரி பளபளவென்று இருந்தது.

ஊதல் ஊதினார்கள். கிளம்பினோம். சும்மா சொல்லக்கூடாது, சப்பாத்து அருமை. ஈரப் புல்லில் நடந்தேன், நனையவில்லை. சின்னக் குட்டையில் வேண்டுமென்றே மிதித்தேன், நனையவில்லை. மற்றவர்கள் முன்னால் போனார்கள். சாலை முனை வந்தது. இப்படியும் அப்படியும் பார்த்தேன். யாரும் இல்லை. செம்பனை மரங்களிலிருந்து வெளியே வந்து, நூருல் அமீன் கடைக்குள் காலை வைத்தேன்.

"மச்சான்!"

கடை பாதி நிரம்பியிருந்தது. பேட்ரிக். பேட்ரிக் பெண்டாட்டி செலீனா. அவள் பக்கத்துச் சொந்தம். என் மாமியார். பேட்ரிக்கின் புது வீட்டுக்குப் பக்கத்து வீட்டுக்காரர்கள்கூட வந்திருந்தார்கள். நடுவில் இசபெல், ரொட்டி சானாயைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். எல்லார் கையிலும் ஒரு சின்னக் கொடி.

நூருல் அமீன் கல்லாவில் நின்று என் கண்ணைப் பார்க்காமல் தேநீர் வடிகட்டினார்.

"என்ன பாய் இது?" என்றேன் மெதுவாக.

"பசியாற வந்த குடும்பத்த நான் எப்படிலா வெளிய போகச் சொல்றது?"

"மச்சான், வழி தவறிட்டீங்க!" என்று பேட்ரிக் பாய்ந்து வந்தான். என் தோளைப் பிடித்து அப்படியே திருப்பினான். "அங்கிட்டு! அம்புக்குறி போட்டிருக்கு பாருங்க!"

மாமியார் எழுந்து நின்று சிலுவை போட்டு ஆசீர்வதித்தார். எல்லாரும் கை தட்டினார்கள். அத்தனை பேர் கை தட்டும்போது நடந்து போக முடியுமா? ஓடினேன்.

வளைவு தாண்டியதும் நின்றுவிடலாம் என்று நினைத்தேன். பின்னால் ஹாரன் சத்தம். தோட்டத்துச் செம்மண் பாதையில் பேட்ரிக் காரை மெல்ல ஓட்டிக்கொண்டு வந்தான். சன்னல் வழியாகக் கொடிகள் ஆடின. நின்றால் ஹாரன். நடந்தால் ஹாரன்.

அப்புறம் பாரிட் வந்தது. சாதாரண நாளில் தாண்டிக் குதிக்கிற வாய்க்கால்தான். அன்று கரை புரண்டு பாதையையும் சேர்த்து விழுங்கியிருந்தது. கார் நின்றுவிட்டது. நான் நிற்க முடியாது, பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். இறங்கினேன். தண்ணீர் முழங்காலுக்கு வந்தது. மேல் வழியாகச் சப்பாத்துக்குள் புகுந்தது. புகுந்தது புகுந்ததுதான். கரையேறியபோது ஒவ்வொரு காலிலும் ஒரு வாளி கட்டியிருந்தது போல இருந்தது. வலைத்துணிச் சப்பாத்துப் போட்ட ஒரு தாத்தா பக்கத்தில் வடிந்துகொண்டே என்னைத் தாண்டிப் போனார். நான் களக் களக் என்று ஓடினேன். அந்தச் சத்தத்தில் ஒரு நாய்கூட வழிவிட்டது.

முடித்துவிட்டேன். கடைசி ஆள் நான் இல்லை, எனக்குப் பின்னால் ஆம்புலன்ஸ் வந்தது. முடிவுக் கோட்டில் உட்கார்ந்து சப்பாத்தைக் கழற்றிக் கவிழ்த்தேன். பெரிய சாலை வழியாக வந்து சேர்ந்திருந்த குடும்பமே சுற்றி நின்று பார்த்தது.

"வாட்டர் புரூஃப்னா என்னான்னு இப்பதான் புரியுது," என்றாள் இசபெல். "உள்ள வாட்டர் இருக்குன்னு புரூஃப்."

ஆனாலும் துண்டை எடுத்து என் கால்களைத் துடைத்துவிட்டாள். விரல்கள் ஊறிப்போன கடலை மாதிரி இருந்தன. எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. அப்போதுதான் ஒன்று உறைத்தது.

"பேட்ரிக், நீ இங்க இருந்தா, அங்க வீட்ட யாரு மந்திரிக்கிறது?"

"சாயந்தரம்தானே மச்சான்! ஃபாதர் மாத்திட்டாரே. அக்கா சொல்லல?"

அக்காவைப் பார்த்தேன். அக்கா துண்டைப் பிழிந்தாள்.

"எப்ப மாத்துனாரு?"

"நாம சப்பாத்து வாங்கப் போனதுக்கு மொத நாளு."

"அப்பவே சொல்லக் கூடாதா?"

"சொல்லலாம்னுதான் இருந்தேன். டாக்டர் வருசக் கணக்கா கெஞ்சியும் நீங்க கேட் வரைக்கும்கூட நடந்ததில்ல. என் தம்பி வீட்டு டைல்ஸுக்குப் பயந்து நீங்க ஓடப்போறீங்கன்னதும், ஓடட்டுமேன்னு விட்டுட்டேன்."

டைல்ஸ் விஷயம் இவளுக்கு எப்படித் தெரியும் என்று கேட்கத் தெம்பு இல்லை. என்னைக் காரில் தூக்கிப் போட்டார்கள்.

சாயந்தரம் பத்தாங் காலியில் ஃபாதர் ஒவ்வொரு அறையாகத் தீர்த்தம் தெளித்தார். அவருக்குப் பின்னால் பேட்ரிக் என் கையைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு டைல்ஸாகச் சொன்னான். இது எந்தக் கடை, இது எந்த நாட்டுக் கல், இதை ஒட்டியவர் எப்படி முதலில் கோணலாக ஒட்டினார். மாடிப்படியும் இருந்தது. தொடை இரண்டும் மரக்கட்டையாகியிருந்ததால் தப்பி ஓடவும் வழியில்லை. விருந்தாளிகள் எல்லாம் என்னைத் தேடி வந்து கை குலுக்கினார்கள். போட்டியை முடித்துவிட்டு இவ்வளவு தூரம் வந்த மாப்பிள்ளை என்று மாமியார் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

படியின் நடுவில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இசபெல் ஒரு தட்டில் பிரியாணி கொண்டுவந்து நீட்டினாள்.

"ஏன் இசபெல், சாயந்தரம்தான்னு சொல்லிக் கூப்பிட்டிருந்தா நானே வந்திருக்கமாட்டேனா?"

"உங்களத் தெரியாதாங்க எனக்கு?" என்றாள். "கூப்பிட்டா ஓடுவீங்க. ஓட விட்டா வந்துடுவீங்க."