தேசூர் குப்புராஜ் நிற்கிறார்

ஊர் முழுக்கச் சிதறிக் கிடக்கும் என் மனைவியின் குரலைப் பொறுக்கி எடுத்து வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவது என்று போன மாதம் ஒரு சபதம் எடுத்தேன்.

என் பெயர் மணவாளன். பெயரிலேயே புருஷன். ஆரணியில் ஒரு ரைஸ் மில்லில் ராத்திரிக் காவல். ஊர் தூங்கும்போது விழித்திருப்பேன். ஊர் விழித்ததும் தூங்கிவிடுவேன். நான் வீட்டுக்குள் நுழையும்போது மகள் மதிவதனி பள்ளிக்கூடத்துக்குப் புறப்பட்டுவிடுவாள். நான் எழும்போது டியூஷனுக்கு. ஏழாவது படிக்கிறாள். அவளை முதுகுப் பையாகப் பார்த்த அளவுக்கு முகமாகப் பார்த்ததில்லை.

மனைவி பெயர் அபிதகுசாம்பாள். மதி படிக்கும் நடுநிலைப் பள்ளியின் மேலாண்மைக் குழுத் தலைவி. பள்ளிக்கூடத்துச் சேதிகளைப் பெற்றோருக்குச் சொல்வது அவள் வேலை. எங்கள் நெசவுத் தெருக்களில் நோட்டீஸ் கொடுத்துப் பயனில்லை. போனில் எழுதி அனுப்பியும் பயனில்லை. தறியில் உட்கார்ந்தவருக்குக் கை நாடாவில், கால் மிதியில், கண் இழையில். காது ஒன்றுதான் காலி. அதனால் அவள் பேசி அனுப்புகிறாள். தினமும் சாயந்திரம் பள்ளிக்கூட வாட்ஸ்அப் குழுவில் வாய்ஸ் வரும்.

"வணக்கம்ங்க, அபிதகுசாம்பாள் பேசறேன். நாளைக்கு ஆறாவது புள்ளைங்களுக்கு ஊசி போடறாங்க. வயிறாரச் சாப்பிட வெச்சு அனுப்புங்க. அழற புள்ளைய நான் பக்கத்துல இருந்து பாத்துக்கறேன், பயப்படாதீங்க கண்ணுங்களா."

கண்ணுங்களா! என்னோடு பேசும்போது அவள் பவர்லூம். குழுவில் பேசும்போது கைத்தறி.

நான் அந்தக் குழுவில் இல்லை. தூக்கத்தில் டிங் டிங் என்கிறதே என்று நானே வெளியேறிவிட்டேன். விதி பாருங்கள், மில்லுக்கு நடந்து போகையில் வீட்டுக்கு வீடு ஜன்னல் வழியாக என் பெண்டாட்டி பேசுவாள். மில் வாசலில் மூட்டை தூக்கும் குணா காதில் போனை வைத்துக்கொண்டு சொக்கிப்போய் உட்கார்ந்திருப்பான்.

"உனக்கு ஏதுடா புள்ளை? கல்யாணமே ஆவலியே?"

"புள்ளை எதுக்குண்ணா? அண்ணி வாய்ஸுக்காவ குரூப்ல கீறேன். ஊசி போடறாங்கன்னு சொல்லுது, எனக்கே போட்டுக்கலாம்னு தோணுதுண்ணா."

இவனாவது மூட்டை தூக்குகிறவன். பட்டுக்கடை பிரபாகரன் என்று ஒருத்தன் இருக்கிறான். தினமும் ஒரு ரோஜாப்பூ பொம்மை போட்டு, கீழே ஒரு வரி எழுதுவானாம்: 'பேச்சில் நல்ல கோர்வை மேடம்.'

அகராதியில் கோர்வை என்றால் ஒழுங்கு. ஆரணியில் கோர்வை என்றால் புடவையின் உடலும் கரையும் பிரியாமல் சேர, ஒரே தறியில் ரெண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்காருவது. இவன் எந்தக் கோர்வையைச் சொன்னான்?

"யாரு அந்தப் பிரபாகரன்?" என்றேன்.

"எட்டாவது புள்ளையோட அப்பா."

"எதுக்கு ரோஜாப்பூ போடறான்?"

"மல்லிப்பூ போன்ல இல்லீங்களாம்."

"சிரிக்காத அபிதா. எனக்கு வயிறு எரியுது."

"மோர் கீது, குடிங்க. நீங்க ஒரு முழம் பூ வாங்கியாந்தது எந்த வருசம்? அத சொல்லிட்டுக் குடிங்க."

மோரைக் குடித்தேன். எரிச்சல் அணையவில்லை. புது சிம் ஒன்று வாங்கினேன். அந்த எண்ணில் தேசூர் குப்புராஜ் என்ற அப்பா பிறந்தார். பிள்ளை ஆரணியில் அத்தை வீட்டில் தங்கிப் படிக்கிறான் என்று சொன்னதும் தலைவி குழுவில் சேர்த்துக்கொண்டாள். ஒரு கேள்வி கிடையாது. ஏமாளி என்று நினைத்தேன்.

நான் பள்ளிக்கூடத்தில் அதிகம் படித்தவனல்ல. மில் பெஞ்சில், நூலகத்துப் புத்தகங்களை வைத்துக்கொண்டு நானாகப் படித்தவன். ஆகவே கடிதம் என்றால் முறையாகத்தான் எழுதுவேன்:

'மதிப்பிற்குரிய தலைவி அவர்களுக்கு, தேசூர் குப்புராஜ் எழுதுவது. நலம், நலமறிய ஆவல். நிற்க. செய்திகளைப் பெண்குரலில் கேட்பது நெசவாளர் கவனத்தைக் குலைக்கிறது. இனி எழுத்தில் மட்டும் அனுப்ப வேண்டுகிறேன்.'

'நிற்க' என்றால், நலம் விசாரித்தது போதும், விஷயத்துக்கு வருவோம் என்று பொருள். அந்தக் காலக் கடித இலக்கணம்.

அனுப்பிய பிறகுதான் மேலே இருந்த அவள் வாய்ஸைக் கேட்டேன். "ஸ்கூல் கேட்டாண்ட காலையில பைக்கும் ஆட்டோவும் கன்னாபின்னான்னு வந்துகினு கீது. புள்ளைங்கள ரோடு தாண்டி விட ஒரு அப்பா தெனமும் வந்து நின்னா புண்ணியமாப் போவும். யாருங்க நிக்கறீங்க?"

அதற்கு நேர் கீழே என் கடிதம். கொஞ்ச நேரத்தில் அடுத்த வாய்ஸ் வந்தது.

"எல்லாரும் கேளுங்க. தேசூர் குப்புராஜ் அண்ணன் எழுதிகிறாரு. 'நலம், நலமறிய ஆவல். நிற்க.' அவ்ளோ தூரத்துலேர்ந்து வந்து நம்ம புள்ளைங்களுக்காவ நிக்கறாராம். கை தட்டுங்க."

மிச்சத்தை அவள் வாசிக்கவே இல்லை. தறி நெய்கிற ஊரில் யார் போனை எடுத்துப் படிப்பார்கள்? அவள் சொன்னதுதான் சேதி. குழு முழுக்கக் கைதட்டும் பொம்மைகள். குப்புராஜுக்குப் பிரபாகரனே ஒரு ரோஜா போட்டான்.

மறுநாள் வீட்டில் அவளுக்கு வேறு பேச்சே இல்லை.

"இன்னா மனுசன்ங்க அவரு! ஒவ்வொரு வார்த்தையும் முத்து முத்தா கீது."

"அவன் நிக்கறேன்னு சொல்லவே இல்ல!"

"உங்களுக்கு எப்படித் தெரியும்? நீங்கதான் குரூப்லயே இல்லியே."

போனை எடுத்தேன். தனியாகப் போய்க் குப்புராஜாக எழுதினேன்: 'காலில் சுளுக்கு. நிற்க இயலாது.' அதையும் அவள் உருக்கமாக வாசித்துக் காட்டினாள். ஊர்த் தாய்மார்கள் எல்லாரும் கைவைத்தியம் சொன்னார்கள். வீட்டில் அடுப்பில் நல்லெண்ணெய் காய்ந்தது. பூண்டும் ஓமமும் போட்டு, வாசம் தெருவைத் தூக்கியது.

"யாருக்கு?"

"குப்புராஜுக்கு. ஆள் யாராச்சும் தேசூர் பக்கம் போனா குடுத்து அனுப்பணும்."

"எனக்கு ரெண்டு மாசமா குதிகால் வலி. ஒரு சொட்டு தேச்சிருப்பியா?"

"நீங்க யாருக்காவ நின்னீங்க, குதிகால் வலிக்க?"

அடிபட்ட இடம் குதிகால் இல்லை. முதல் நாள் 'குப்புராஜ் அண்ணன்'. இன்று வெறும் 'குப்புராஜ்'. அண்ணன் எங்கே போனார்? என்னை அவள் அண்ணன் ஆக்கியபோதே எனக்கு வருத்தம்தான். அண்ணனை நீக்கியபோது வந்ததே, அது வருத்தமல்ல, காய்ச்சல்.

வெள்ளிக்கிழமை தலைக்குக் குளித்துவிட்டு, கண்ணாடி முன்னால் நின்று மெதுவாகச் சொன்னாள்: "குப்பு சாருக்கு இப்ப எப்படி கீதோ."

குப்பு! எனக்குக் கல்யாணமான நாளாக 'இன்னாங்க' தவிர வேறு பெயர் கிடையாது. முகம் தெரியாத ஒருத்தனுக்குச் செல்லப் பெயர். அவன் நான்தான் என்பது எனக்கு ஞாபகமே வரவில்லை.

"அந்தக் குப்பையைப் பத்தி இந்த வீட்ல இனிமே பேசக் கூடாது! அவன் இன்னா பெரிசா நிக்கறது? நான் நிக்கறேன்!"

"நீங்களா? தூக்கம் கெட்டுடுமே."

"தூக்கத்தத் தூக்கிப் போடு!"

"தெனமும் நிக்கணுங்க."

"நிப்பேன்!"

"முழுப் பரீட்சை வரைக்கும்."

"மதி கல்யாணம் வரைக்கும்!"

"பாவம், குப்பு சார் மனசு கஷ்டப்படும்," என்று பெருமூச்சு விட்டாள்.

"படட்டும்!"

அன்றைக்கே என் கையாலேயே குப்புராஜைக் குழுவிலிருந்து வெளியேற்றினேன். ஒரு எதிரியை ஒழித்த சந்தோஷம். வேலைக்குப் போகும் வழியில் ஜன்னல்களில் அவள் பேசிக்கொண்டுதான் இருந்தாள். இன்று அது என் காதில் ஏறவில்லை. ஜெயித்தவனுக்கு ஜன்னல் எதற்கு?

திங்கட்கிழமை காலை, மில்லிலிருந்து நேரே பள்ளிக்கூட கேட்டுக்குப் போனேன். கண் ரெண்டும் மிளகாய்ப் பழம். ஆட்டோவை நிறுத்தினேன், பைக்கை அதட்டினேன், வாண்டுகளைக் கைபிடித்துத் தாண்டி விட்டேன். கூட்டத்தில் மதி வந்தாள். என்னைப் பார்த்து நின்றாள். முதுகுப் பை பின்னால் இருந்தது. முன்னால் முழு முகம், முழுச் சிரிப்பு. பட்டுக்கடை பிரபாகரன் தன் பெண்ணை இறக்கிவிட்டு என்னைப் பார்த்துக் கும்பிட்டான். நான் நெஞ்சை நிமிர்த்தினேன். பார்த்துக்கொள்ளடா, தலைவியின் புருஷன் யாரென்று!

தலைமையாசிரியை பரிமளா டீச்சர் கேட்டைத் திறந்துகொண்டு வந்தார். கையில் புது விசில். அதை மாலை போடுவதுபோல என் கழுத்தில் மாட்டிவிட்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டு மரியாதையாகக் கேட்டார்:

"தேசூர்லேர்ந்து இவ்ளோ ஜல்தியா எப்படி வந்தீங்க, குப்புராஜ் சார்?"